குழந்தைக்கு நெஞ்சுச் சளி முற்றினால் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதா, அடக்குவதா? ஐ.சி.யூ. வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

சாதாரணச் சளியாகத் தொடங்கி, மூன்று நான்கு நாளில் மூச்சு முட்டி ஐ.சி.யூ.வுக்கு வந்து சேரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாசலில் நிற்கும் அம்மா அப்பாக்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். நின்று நிதானமாகப் பதில் சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை. உள்ளே ஒரு மானிட்டர் கூப்பிட்டுவிடும். அப்போது பாதியில் விட்டுப்போன பதில்களை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். கடையில் வாங்கி வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்துகளின் அளவுகளை வேண்டுமென்றே எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடக் கூடாது.

நோயைக் கொடுப்பது வைரஸ்தானே? அதைக் கொல்லாமல் எதிர்ப்பு சக்திக்கு எதற்கு மருந்து?

நுரையீரலில் நடக்கும் சேதத்தில் ஒரு பங்குதான் வைரஸ் செய்வது. இன்னொரு பங்கு, வைரஸை விரட்ட வந்த நம் உடம்பின் படையே செய்வது.

ஆர்.எஸ்.வி. என்ற வைரஸை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தைகளை ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவதில் இதுதான் முதலிடம். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். பெரும்பாலும் மூக்கொழுகலோடு போய்விடும். ஆனால் ஆறு மாதத்துக்கும் குறைந்த சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயின் கடைசி நுண்கிளைகள் வரை இறங்குகிறது. அந்தக் கிளைகளின் உட்சுவர் செல்கள் உதிர்கின்றன. வைரஸைத் தின்ன நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, சண்டையிட்டுச் செத்து அங்கேயே கிடக்கின்றன. உதிர்ந்த செல், செத்த அணு, சளி மூன்றும் சேர்ந்து குழாயை அடைத்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு இந்த அடைப்பு ஓர் இருமல். மூன்று மாதக் குழந்தையின் குழாய் அத்தனை மெல்லியது என்பதால் அதற்கு மூச்சே நின்றுபோகலாம்.

வைரஸைக் கொல்லும் மருந்தும் நம்மிடம் அதிகமில்லை. இன்ஃப்ளூயன்சாவுக்கு ஓசல்டமிவிர் இருக்கிறது. அதுவும் முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். ஆர்.எஸ்.வி.க்கு அந்த அளவுக்கு நம்பக்கூடிய மருந்து இன்றும் இல்லை.

அப்படியென்றால் எதிர்ப்பு சக்தி அதிகமாக இருப்பதால்தான் நோய் முற்றுகிறதா?

சில பிள்ளைகளுக்கு ஆம். சில பிள்ளைகளுக்கு நேர் எதிர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மருந்து போடுவதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் உள்ள நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனையில் மார்க் ஹால் என்ற மருத்துவரும் அவர் குழுவும் பல ஆண்டுகளாக ஓர் எளிய சோதனையைச் செய்துவருகிறார்கள். இன்ஃப்ளூயன்சா முற்றி வெண்டிலேட்டரில் கிடக்கும் பிள்ளையின் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கு ஒன்றை அதில் சேர்க்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள வெள்ளணு உடனே சீறி டி.என்.எஃப். என்ற பொருளைக் கக்க வேண்டும். பிழைக்காமல் போன பிள்ளைகளின் ரத்தம் சீறவில்லை. சோர்ந்து கிடந்தது. 'இம்யூனோபராலிசிஸ்' என்பார்கள், எதிர்ப்பாற்றல் முடங்கிப்போன நிலை. வெளியே பார்த்தால் 104 டிகிரி காய்ச்சல், எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. எதிர்ப்பு சக்தி கொந்தளிக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உள்ளே படை கையோய்ந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு மேலும் அடக்கும் மருந்தைப் போட்டால் என்ன ஆகும்?

முடங்கிய பிள்ளைக்கு எழுப்பும் மருந்து, கொதிக்கும் பிள்ளைக்கு அணைக்கும் மருந்து என்று ரத்தச் சோதனையைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. எழுப்ப ஜி.எம்.-சி.எஸ்.எஃப்., அணைக்க அனகின்ரா. நம் ஊர் வார்டுகளில் அந்தச் சோதனை அன்றாடம் செய்யக் கிடைப்பதில்லை. என்றாலும், எல்லாருக்கும் ஒரே ஊசி என்ற பழக்கத்தை விட வேண்டும் என்ற பாடம் இப்போதே கையில் இருக்கிறது.

ஸ்டீராய்டு போட்டால் உடனே சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. வீக்கத்தையும் எதிர்ப்பாற்றலையும் அடக்கும் ஸ்டீராய்டு நல்ல மருந்தா கெட்ட மருந்தா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த நோய்க்கு, எத்தனையாவது நாளில் என்று கேட்டால் இருக்கிறது.

நாய் குரைப்பது போல இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும் 'குரூப்' நோய்க்கு, ஒரே ஒரு வேளை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அற்புதமாக வேலை செய்யும். அங்கே வீங்கியிருப்பது தொண்டைக்குக் கீழே குரல்வளைப் பகுதி. வீக்கம் வடிந்தால் வழி திறந்துவிடும். ஆஸ்துமாவுக்கும் அப்படித்தான்.

ஆர்.எஸ்.வி. போன்றவற்றால் கைக்குழந்தைகளுக்கு வரும், நான் முன்பு சொன்ன நுண்கிளை அடைப்பான பிராங்கியோலைட்டிஸுக்கு அதே மருந்து வேலை செய்யாது. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 20 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 600 குழந்தைகளில் பாதிப் பேருக்கு டெக்சாமெத்தசோனும் மீதிப் பேருக்கு வெறும் சிரப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து குடித்தவர்களில் 39.7 சதவீதமும் குடிக்காதவர்களில் 41 சதவீதமும் அட்மிட் ஆனார்கள். வித்தியாசமே இல்லை எனலாம். அடைப்பில் வீக்கம் ஒரு பங்குதான், செத்த செல்லும் சளியும் நிறைய. அவை ஸ்டீராய்டுக்குக் கரையாது.

கோவிட் வந்தபோது பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் இன்னொன்றைக் காட்டியது. வெண்டிலேட்டரில் இருந்த நோயாளிகளில் டெக்சாமெத்தசோன் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, தீமையின் சாயல்கூடத் தெரிந்தது. அதே வைரஸ், அதே மருந்துதான். ஆனால் நோயின் கட்டம் மாறினால் பலனும் மாறுகிறது. அந்த ஆய்வில் பெரும்பாலோர் பெரியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அதிலிருந்து நிதானமாக எடுத்துக் கையாள்கிறோம்.

இன்ஃப்ளூயன்சா நிமோனியாவில் ஸ்டீராய்டு வாங்கியவர்களில் இறப்பு கூடுதலாக இருந்ததைப் பல கணக்கெடுப்புகள் காட்டின. நோய் முற்றியவர்களுக்கே அதைக் கொடுத்திருப்பார்கள் என்பதால் முழுப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது. ஆனாலும் ஆஸ்துமா போன்ற வேறு காரணம் இல்லாமல் இன்ஃப்ளூயன்சாவுக்கென்று நான் ஸ்டீராய்டு எழுதுவதில்லை.

ஒரு தகப்பனாரை மறக்க முடியவில்லை. போன வருஷம் மூத்த பையனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துப்போய், இளையவளுக்கும் அதே ஸ்டீராய்டு சிரப்பை வாங்கி ஒன்பது நாள் கொடுத்திருந்தார். "சளி அடங்குச்சு சார், ஆனா சோர்ந்து சோர்ந்து விழுறா" என்றார். காய்ச்சல் அடங்கியது நோய் போனதால் அல்ல, காய்ச்சலைக் காட்டும் சக்தியை மருந்து அமுக்கியதால். அடியில் பாக்டீரியா நிமோனியா பரவியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாசத்தில் செய்தது. சீட்டில்லாமல் அந்தச் சிரப்பு கைக்குக் கிடைத்ததுதான் கோபம்.

2021-இல் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை நோய் 45,000 பேருக்கும் மேல் வந்ததை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயோடு, தேவையில்லாத நாளில் தேவைக்கு மேல் போட்ட ஸ்டீராய்டும் அதற்குப் பெரிய காரணம்.

வீசிங் இருக்கிறது. நெபுலைசர் வைக்கலாமா?

ஒரு வயதுக்குள், முதல் முறை வரும் பிராங்கியோலைட்டிஸ் என்றால், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் நெபுலைசரால் பெரிதாகப் பலன் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே 2014 வழிகாட்டுதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூக்கைச் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பது அதைவிட உதவும்.

எம்.ஐ.எஸ்.-சி என்று ஒரு பெயர் சொன்னார்கள். அது நுரையீரல் நோயா?

முதன்மையாக இல்லை. ஆனால் எதிர்ப்பாற்றலைக் குறிவைக்கும் சிகிச்சை எங்கே உயிர் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2020 ஏப்ரல் நடுவில் லண்டனின் தென்பகுதியில் பத்தே நாளில் எட்டுப் பிள்ளைகள் விடாத காய்ச்சல், வயிற்றுவலி, கண் சிவப்பு, விழுந்துகொண்டே போகும் ரத்த அழுத்தம் என்று வந்தார்கள். நுரையீரல் பெரிதாகக் கெடவில்லை, இதயம் தளர்ந்திருந்தது. பலருக்குக் கோவிட் பரிசோதனை நெகட்டிவ். கோவிட் வந்துபோய் இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்து, வைரஸ் வெளியேறிய பிறகு, எதிர்ப்பாற்றல் மட்டும் போரை நிறுத்தாமல் உடம்பையே தாக்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. இந்தியாவிலும் 2020, 2021 அலைகளுக்குப் பின் குழந்தை மருத்துவமனைகள் இதைப் பார்த்தன.

இங்கே அடக்கும் மருந்துதான் மருந்து. ஐ.வி.ஐ.ஜி., மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு, இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ. சரியான நேரத்தில் ஏறினால் மறுநாளே காய்ச்சல் விட்டு, பிள்ளை சாப்பிடக் கேட்கும். அதை நேரில் பார்த்தவர்களுக்கு எல்லா மூச்சிரைப்புக்கும் அதையே போட்டுவிடலாம் என்ற ஆசை வருவது இயல்பு. எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் எம்.ஐ.எஸ்.-சி.யில் வைரஸ் போய்விட்டது, சண்டை மட்டும் மிச்சம். பிராங்கியோலைட்டிஸில் மூன்றாம் நாள் வைரஸ் இன்னும் உள்ளே பெருகிக்கொண்டிருக்கிறது.

ஐ.வி.ஐ.ஜி. என்பது என்ன? ஏன் அவ்வளவு விலை?

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் ஆன்டிபாடிகளின், அதாவது கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களின், தொகுப்பு அது. தொழிற்சாலையில் கலந்து செய்ய முடியாது, மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும். எம்.ஐ.எஸ்.-சி.க்குப் பிள்ளையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராம் என்ற கணக்கில், 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம் ஆகிவிடும். மெதுவாக, பல மணி நேரம் ஏறும். தலைவலி, குளிர் நடுக்கம் வரலாம். இதயம் தளர்ந்த பிள்ளைக்கு அந்தத் திரவமே பாரமாகிவிடலாம் என்பதால் கூடவே இருந்து பார்ப்போம்.

சாதாரண வைரஸ் நிமோனியாவுக்கோ பிராங்கியோலைட்டிஸுக்கோ இதனால் பலன் என்று நிரூபணம் இல்லை. நகையை அடகு வைத்து வாங்கி வரச் சொன்னால், என்ன நோய்க்கு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வீட்டுக்குப் போன பிறகு மறந்துபோகும் ஒன்று: இந்த அளவில் ஐ.வி.ஐ.ஜி. ஏறிய பிள்ளைக்குத் தட்டம்மை, சின்னம்மை வகை உயிருள்ள தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப் போட வேண்டும். வெளியிலிருந்து ஏறிய ஆன்டிபாடிகள் தடுப்பூசி வைரஸை வேலை செய்ய விடாது. தடுப்பூசி அட்டையிலேயே தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவிட் சமயத்தில் டோசிலிசுமாப் தேடி அலைந்தோம். அது பிள்ளைகளுக்கும் உண்டா?

உண்டு, ஆனால் வழி குறுகியது. இன்டர்லூக்கின்-6 என்பது அழற்சியைப் பரப்பும் தூது. அது போய் ஒட்டும் இடத்தை இந்த மருந்து அடைத்துவிடும். ஜப்பானின் ஒசாகாவில் டடாமிட்சு கிஷிமோட்டோவின் ஆராய்ச்சியில் விளைந்தது. பிள்ளைகளின் மூட்டழற்சிக்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்தது. 2012-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில், ரத்தப் புற்றுநோய்க்கான புதிய செல் சிகிச்சைக்குப் பின், அழற்சித் தூதுகள் கட்டுமீறிப் பெருகும் சைட்டோகைன் புயலில் சிக்கிய ஒரு சிறுமியை மீட்டது. அதிலிருந்துதான் புயல் என்றாலே இந்த மருந்து என்ற பேச்சு பரவியது. கோவிடில் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு, ஸ்டீராய்டோடு சேர்த்து, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அமெரிக்காவில் 2021-இல் அனுமதித்தார்கள். மற்ற வைரஸ் நிமோனியாக்களுக்கு இதைக் கொடுக்கச் சான்று இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தொற்றின் அளவுகோலாக நாம் பார்க்கும் சி.ஆர்.பி.யைக் கல்லீரல் உண்டாக்குவதே இன்டர்லூக்கின்-6 சொல்லித்தான். தூது அடைபட்டால் சி.ஆர்.பி. சரிந்துவிடும், காய்ச்சலும் இறங்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டார் மகிழ்வார்கள். உள்ளே புதிதாக ஒரு பாக்டீரியா தொற்று வளர்ந்தாலும் தாள் சுத்தமாகவே இருக்கும். அதனால் இந்த மருந்து வாங்கிய பிள்ளையைத் தாளை நம்பாமல், கையால் தொட்டுப் பார்த்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும். காசநோய் நிறைந்த நம் நாட்டில் அதையும் முன்கூட்டியே தேடிவிட வேண்டும்.

ஆர்.எஸ்.வி.க்கு ஆன்டிபாடி ஊசி வந்திருக்கிறதாமே. இப்போது என் பிள்ளைக்குப் போடலாமா?

நோய் வந்த பிறகு போட்டால் பயனில்லை. வருவதற்கு முன் போட வேண்டியது. மனசு வலிக்கும் பதில்தான், தெரிந்தே சொல்கிறேன்.

இந்த ஊசி வந்து சேர அறுபது வருஷம் ஆனது. 1956-இல் ஆர்.எஸ்.வி. முதலில் சிம்பன்சிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருஷமே ராபர்ட் சானக் என்ற விஞ்ஞானி அதைக் குழந்தைகளிடம் பிரித்தெடுத்தார். பத்தாண்டுக்குள் தடுப்பூசியும் தயார். வைரஸை ஃபார்மலினில் கொன்று செய்தது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நடந்தது பெரும் துயரம். ஊசி போட்டபின் ஆர்.எஸ்.வி. தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஊசி போடாத குழந்தைகளில் 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தே போயின. காக்க வந்த ஊசி, எதிர்ப்பாற்றலைத் தவறான வழியில் பழக்கிவிட்டது. உருவான ஆன்டிபாடிகள் வைரஸில் ஒட்டின, ஆனால் அதை முடக்கவில்லை. ஒட்டிய குவியல் நுரையீரலில் அழற்சியைத்தான் கிளப்பியது.

அந்த அச்சத்தில் குழந்தைகளுக்கான தடுப்பூசி முயற்சி பல பத்தாண்டு முடங்கியது. 1998-இல் பலிவிசுமாப் என்ற ஆன்டிபாடி ஊசி அமெரிக்காவில் வந்தது. 1,502 குறைமாத, நுரையீரல் பலவீனமான குழந்தைகளில் செய்த ஆய்வில் மருத்துவமனைச் சேர்க்கையை 10.6 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைத்தது. ஆனால் மாதாமாதம் போட வேண்டும், விலையோ எட்டாத உயரம்.

திருப்பம் 2013-இல். வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் எஃப் புரதம் நுழைவதற்கு முன் ஒரு வடிவத்திலும், நுழைந்தபின் இன்னொரு வடிவத்திலும் இருக்கும். ஃபார்மலின் ஊசியில் இருந்தது பின்னது, வேலை முடிந்த வடிவம். ஜேசன் மெக்லெலன், பார்னி கிரஹாம் ஆகியோரின் குழு முன்னதைப் படம் பிடித்துவிட்டது. அந்த வடிவத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடியைச் செதுக்கி, உடம்பில் பல மாதம் தங்கும்படி மாற்றியதே நிர்செவிமாப். ஐரோப்பாவில் 2022-இலும் அமெரிக்காவில் 2023-இலும் அனுமதி கிடைத்தது. ஒரு பருவத்துக்கு ஒரே ஊசி. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றிலும் நடந்த ஹார்மனி ஆய்வில் ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனை சேருவது 83 சதவீதம் குறைந்தது.

இத்தனை நல்ல செய்தியையும் ஒரு கணக்கு கசப்பாக்கிவிடுகிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 1,01,400 குழந்தைகளை ஆர்.எஸ்.வி. கொண்டுபோனதாக மதிப்பீடு. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் நடுத்தர, ஏழை நாடுகளில். ஊசி முதலில் போய்ச் சேர்ந்தது பணக்கார நாடுகளுக்கு.

கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசி?

அதே எஃப் புரதத்தின் முன்வடிவத்தில் செய்தது. 2023-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதித்தன. கடைசி மூன்று மாதங்களில் போட்டால் தாயின் உடம்பில் உருவாகும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிறந்த முதல் 90 நாளில் கடுமையான ஆர்.எஸ்.வி. நோயை ஏறக்குறைய 82 சதவீதம் தடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் 28 வாரத்துக்குப் பிறகு போடலாம் என்கிறது. ஊசி போட்டு இரண்டு வாரமாவது கழித்துப் பிரசவம் ஆனால்தான் ஆன்டிபாடி போதுமான அளவு போய்ச் சேரும். குறைமாதக் குழந்தைகள் எளிதில் நோயில் விழுவதற்கு ஒரு காரணமும் இதுதான்: தாயிடமிருந்து ஆன்டிபாடி அதிகம் வருவது கடைசி வாரங்களில், அதற்குள் அவர்கள் பிறந்துவிடுகிறார்கள்.

வெளியிலிருந்து ஆன்டிபாடி கொடுத்தால் பிள்ளையின் சொந்த எதிர்ப்பு சக்தி சோம்பிவிடாதா?

இல்லை. லேசாகத் தொற்று வந்துபோகும், பிள்ளையும் தனக்கான ஆன்டிபாடியை உண்டாக்கிக்கொள்ளும். குழாய்கள் கொஞ்சம் பெரிதாகும் வரை கடும் நோய் தள்ளிப்போவதே லாபம்.

பெரிய மருந்து ஒன்றும் போடவில்லை, ஆக்சிஜன் மட்டும் வைத்திருக்கிறார்கள். கவனிக்கவில்லையோ?

இந்தக் கேள்வியைக் கேட்கும் முகங்களில் உள்ள பயம் எனக்குத் தெரியும். அண்ணன் வந்து சண்டை போடுவார், மாமா "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா" என்பார். ஆனால் பெரும்பாலான வைரஸ் நுரையீரல் நோயில் பிள்ளையைக் காப்பாற்றுவது அந்த ஆக்சிஜனும், மூக்குக் குழாய் வழியாகப் போகும் பாலும், பக்கத்தில் விழித்திருக்கும் நர்ஸும்தான். உடம்பு தானே வைரஸை விரட்டும் வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள ஐ.சி.டி.டி.ஆர்.,பி. மருத்துவமனையில் மொஹம்மத் ஜொபாயெர் சிஸ்தி என்ற மருத்துவர், வெண்டிலேட்டருக்கு வழியில்லாத நிலையில், ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மூச்சு விடும் குழாயின் நுனியை அதில் அமிழ்த்தி, நுரையீரல் சுருங்கிவிடாமல் காற்றழுத்தம் கொடுத்தார். பபிள் சிபாப் என்று பெயர். 2015-இல் வெளியான அவரது ஆய்வில், சாதாரண ஆக்சிஜன் வைத்த பிள்ளைகளில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். பபிள் சிபாப் வைத்தவர்களில் 4 சதவீதம். எந்த எதிர்ப்பாற்றல் மருந்தும் பிள்ளைகளின் நிமோனியாவில் இப்படி ஒரு வித்தியாசத்தைக் காட்டி நான் படித்ததில்லை. அதே முறையை ஆப்பிரிக்காவின் மலாவியில், மருத்துவர் எந்நேரமும் உடனில்லாத மாவட்ட மருத்துவமனையில் செய்தபோது பலன் கிட்டவில்லை, இறப்பு கூடவே செய்தது. பாட்டிலோடு பார்த்துக்கொள்ளும் ஆளும் வேண்டும்.

அடினோ வைரஸ் என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் ஆகியும் இரைப்பு போகவில்லையே?

திரும்பக் கூட்டிவாருங்கள். 2023 தொடக்கத்தில் கொல்கத்தாவிலும் மேற்கு வங்கத்தின் பிற ஊர்களிலும் பல குழந்தைகளை இந்த வைரஸ் படுக்க வைத்தது. நோய் முடிந்தபின் சிலருக்கு நுண்குழாய்கள் தழும்பாகிச் சுருங்கிவிடும். சி.டி. ஸ்கேனில் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். சீக்கிரம் கண்டால் மாதாந்தர ஸ்டீராய்டு ஊசி முதலியவற்றை முயல்கிறோம். சிறிய தொகுப்புகளின் அனுபவத்தில் செய்வதுதான். பெரிய ஆய்வு கையில் இல்லை.

என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு முற்றியது? பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைவோ?

பெரும்பாலும் இல்லை. வயது, குறைமாதப் பிறப்பு, இதய ஓட்டை, வீட்டில் புகை, இவையே காரணமாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். இன்ஃப்ளூயன்சாவில் உயிர் போகும் நிலைக்குச் சென்ற இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஐ.ஆர்.எஃப்.7 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்ததை ஜான்-லோரான் கசனோவா என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2015-இல் காட்டியது. வைரஸ் வந்ததும் உடம்பு அடிக்கும் முதல் எச்சரிக்கை மணி இன்டர்ஃபெரான். அவள் உடம்பால் அதை அடிக்க முடியவில்லை.

ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் புண்ணாகிப் பரவுவது, எடை ஏறாமல் வாயில் வெண்படலம் திரும்பத் திரும்ப வருவது, இதே குடும்பத்தில் கைக்குழந்தைகள் முன்பும் தொற்றில் இறந்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியிருந்தாலும் சொல்லுங்கள். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்பதில்லை. பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருக்கும் வாய்ப்பு அங்கே கூடும் என்பதால் கேட்கிறோம். முதல் துப்பு விலையுயர்ந்த சோதனையில் இல்லை, சாதாரண ரத்த எண்ணிக்கையில் இருக்கும் லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்களின் கணக்கில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது தொடர்ந்து 3,000-க்குக் கீழே இருந்தால் விடக் கூடாது.

எதிர்ப்பு சக்தி கூட்டும் டானிக், கஷாயம்?

தாய்ப்பாலுக்கு மேல் ஒரு டானிக்கை எனக்குத் தெரியாது. தட்டம்மை நிமோனியாவுக்கு மட்டும் வைட்டமின் ஏ உண்மையான மருந்து, இரண்டு நாள் கொடுப்போம். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்க வேண்டாம், நாக்கில் தடவக்கூட வேண்டாம். பாட்டி சொன்ன கஷாயத்தைப் பெரிய பிள்ளைக்கு வெதுவெதுப்பாகக் கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. மூச்சு வாங்கும் கைக்குழந்தைக்கு வாயில் ஊற்றினால் புரையேறும் என்பதே பயம்.

டாக்டரிடம் என்ன கேட்பது? கேட்டால் கோபிப்பார்களோ?

கேளுங்கள். இது எந்த வைரஸ் என்று தெரியுமா? நோயின் எத்தனையாவது நாள்? நீங்கள் எழுதும் மருந்து எதிர்ப்பு சக்தியை அடக்குவதா, கொடுப்பதா? எத்தனை நாள், எப்போது நிறுத்துவீர்கள்? இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்த ஓர் அம்மா, அன்று நான் பழக்கத்தில் எழுதியிருந்த ஒரு ஸ்டீராய்டை என் கையாலேயே அடித்து நீக்க வைத்தார்.

வீட்டில் எதைப் பார்த்து ஓடி வர வேண்டும்?

பிள்ளை அழாமல், தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவமனைக்கு. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் பாதியில் விட்டாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்கும் குறைந்த, அல்லது குறைமாதத்தில் பிறந்த குழந்தை சில நொடி மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டால், சளி லேசாக இருந்தாலும் அதே அவசரம்தான். வரும்போது இதுவரை கொடுத்த சிரப்புப் பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.